பசுவுக்கு ஒரு வாய்

என் தாயார் சிவபதம் அடைந்த முதலாண்டுத் திதி, தை அமாவாசையன்று வந்தது. அன்னையின் பெயரால் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் மண்டபத்தில் அன்னதானம் செய்தோம். இருநூறு பேர் வருவார்கள் என்று எண்ணிச் சமைக்கச் சொல்லியிருந்தேன். அமாவாசையாதலால் பலர் காவிரிக் கரைக்கும் கடற்கரைக்கும் தர்ப்பணத்துக்காகச் சென்றுவிட்டனர். நூற்றிருபது பேர்தாம் வந்தனர். ஓர் அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கலும், அரை அண்டா வெள்ளைச் சோறும் மீந்தன.

"வீணாக்க வேண்டாம், கோசாலைக்குக் கொடுத்துவிடலாம். அம்மாவின் பெயரால் கோமாதாவுக்கு அளித்த புண்ணியமும் சேரும்" என்றேன். அருகில் இருந்த உறவினர் அனைவரும் அதை ஆமோதித்தனர். அன்று நான் சொன்னதில் பக்தி இருந்தது உண்மை. மீந்த சோற்றை என்ன செய்வது என்ற கவலை தீர்ந்த நிம்மதியும் அதில் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

கோசாலை, கோயில் நந்தவனத்தை ஒட்டிய ஓட்டுக் கொட்டகை. அங்கே முப்பத்திரண்டு மாடுகள் இருந்தன. அவற்றுள் கறவையில் இருந்தவை நான்கு மட்டுமே. மற்றவை பால் வற்றிய பசுக்களும், யாரும் வளர்க்க விரும்பாத காளைக் கன்றுகளும், கோதானமாகக் கோயிலுக்கு வந்து முதுமையடைந்தவையும் ஆகும். அவற்றைப் பராமரிக்கும் பெரியவர் அன்று மாலை வைக்கோல் பார்க்கப் பக்கத்து ஊருக்குச் சென்றிருந்தார். காவலுக்கு இருந்த சிறுவனிடம் சொல்லிவிட்டு, நானே தொட்டியில் பொங்கலைக் கொட்டினேன். காமாட்சி என்று அழைக்கப்பட்ட முதிய பசு முதலில் வந்து வாய் வைத்தது. அது ஆவலோடு உண்பதைக் கண்டு என் கண்கள் கலங்கின. அன்னையே வந்து உண்பதாக எண்ணிக் கைகூப்பினேன். எனக்கு முன்பே அன்று வேறு சிலரும் பழத்தாறுகளும் சோறும் கொண்டுவந்து கொட்டிச் சென்றிருந்தார்கள் என்பதை நான் அறியவில்லை.

மறுநாள் காலை கோயிலுக்குச் சென்றபோது காமாட்சி கீழே படுத்திருந்தது. அசைபோடுவது நின்றிருந்தது. கண்கள் குழிவிழுந்திருந்தன. எழ முயன்று தள்ளாடி மீண்டும் விழுந்தது. கால்நடை மருத்துவர் அம்மையார் வந்து ஊசி போட்டார், நரம்பு வழியாக மருந்து நீர் ஏற்றினார், சோடா உப்புக் கரைசலைக் குழாய் மூலம் வயிற்றுக்குள் செலுத்தினார். மேலும் இரண்டு மாடுகளுக்கும் மருத்துவம் நடந்தது. அவை பிழைத்தன. காமாட்சி அன்றிரவே உயிர் நீத்தது.

"நேற்று இதற்கு என்ன கொடுத்தார்கள்?" என்று மருத்துவர் கேட்டபோது என்னால் உடனே வாய் திறக்க முடியவில்லை. சொன்ன பிறகு அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பொறுமையாக விளக்கினார். மாட்டின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறை மிகப் பெரியது. அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தாம் புல்லையும் வைக்கோலையும் மெல்ல மெல்லச் செரிக்கச் செய்கின்றன. நார்ப்பொருளுக்குப் பழகிய அந்த வயிற்றில் சோறும் வெல்லமும் திடீரென மிகுதியாக வந்து விழுந்தால், அவை விரைவாகப் புளித்து அமிலமாகின்றன. நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிற்றின் அசைவு நின்றுவிடுகிறது. உடம்பில் உள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்திலும் அமிலம் ஏறுகிறது. அளவு மிகுந்துவிட்டால் ஒரு நாளுக்குள்ளேயே உயிர் போகலாம்.

"அமாவாசைக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் மறுநாள் எங்களுக்கு இந்த அழைப்பு வருவது வழக்கம்தான் சார்" என்றார் அவர்.

பராமரிக்கும் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றேன். அவர் காமாட்சியின் கழுத்துக் கயிற்றைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மாட்டுக்குப் போதும்னு சொல்லத் தெரியாதுங்க ஐயா. நாமதான் நிறுத்தணும்" என்றார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவன் நான். கடன் கேட்டு வருபவரின் தகுதியையும் தேவையையும் பார்க்காமல் ஒரு ரூபாயும் வழங்கியதில்லை. தானம் என்று வந்தபோது மட்டும் பெறுவதற்கு என்ன தேவை என்று கேட்க மறந்தேன். கொடுப்பவன் நான் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்துவிட்டது.

அதன் பிறகு நாள்தோறும் காலையில் கோசாலைக்குச் செல்லத் தொடங்கினேன். சாணம் அள்ள முதுகு ஒத்துழைக்கவில்லை. ஆகவே பெரியவரின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் கணக்கு எழுதினேன். ஒரு மாதம் எழுதியதில் ஓர் உண்மை தெரிந்தது. அமாவாசை, பௌர்ணமி, வெள்ளிக்கிழமைகளில் தின்று தீராத அளவுக்குப் பழமும் கீரையும் சோறும் வருகின்றன. மற்ற நாள்களில் ஏதும் வருவதில்லை. வரவு எல்லாம் ஒரு சில நாள்களில், செலவோ அன்றாடம்.

முப்பத்திரண்டு மாடுகளுக்குத் தலைக்கு ஆறு கிலோ வைக்கோல் என்று கொண்டாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இருநூறு கிலோ வேண்டும். இயந்திரத்தால் சுருட்டிய உருளைக் கட்டுகளாகச் சொன்னால் பன்னிரண்டு கட்டுகள். இதற்கு மேல் பசும்புல், சிறிது தவிடு, தாது உப்பு, குடிநீர், கோமாரி நோய்க்கான தடுப்பூசியை மறவாமல் போட்டுக்கொள்வது ஆகிய அனைத்தும் உண்டு. சம்பா அறுவடை முடியும் தை, மாசி மாதங்களில் வைக்கோல் மலிவாகக் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் விலை ஏறிவிடும். கையில் பணம் இல்லாததால் மலிவான காலத்தில் வாங்கி வைக்க முடியாமல், விலை ஏறிய காலத்தில் கட்டுக் கட்டாகப் பெரியவர் வாங்கிக்கொண்டிருந்தார்.

இதைத் திருப்பணிக் குழுக் கூட்டத்தில் எடுத்துரைத்தேன். சமைத்த உணவை இனிக் கோசாலையில் ஏற்கக் கூடாது. அதற்கு ஈடாகத் தீவனக் கைங்கரியம் ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என்றேன். எதிர்ப்பு வந்தது. "பக்தியோடு கொண்டுவருபவர்களை வாசலில் நிறுத்தினால் மனம் புண்படும். பிறகு உண்டியலிலும் போட மாட்டார்கள்" என்றார் ஓர் அன்பர். அவர் கூறியதில் நியாயம் இல்லாமல் இல்லை. மற்றவர்களும் தலையசைத்தனர்.

காமாட்சி எதனால் இறந்தது என்பது அதுவரை அந்தக் கூட்டத்தில் எவருக்கும் தெரியாது. மூப்பினால் போயிற்று என்றே நினைத்திருந்தார்கள். பெரியவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்காமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எதிரே அன்னதான உபயதாரர் பலகையில் என் பெயர் புது வண்ணத்தில் எழுதப்பட்டிருந்தது. எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். "என் தாயாரின் திதியன்று நான் கொட்டிய பொங்கலை உண்டுதான் அந்தப் பசு இறந்தது" என்று சொல்லி முடிப்பதற்குள் குரல் தழுதழுத்தது. மண்டபம் அமைதியாயிற்று. எதிர்த்துப் பேசிய அன்பரே, "அப்படியானால் அறிவிப்புப் பலகைக்கான செலவு என்னுடையது" என்றார்.

தீவனக் கைங்கரியத்துக்கு வழி சொன்னவர் கோயில் குருக்கள். நட்சத்திரங்கள் இருபத்தேழு. நாள்தோறும் ஏதேனும் ஒரு நட்சத்திரம் உண்டு. குடும்பத்தில் ஒருவருடைய ஜன்ம நட்சத்திரத்தன்று அந்தக் குடும்பத்தார் கோசாலையின் ஒரு நாள் தீவனத்தை ஏற்பது. ஒருவரால் முழுவதும் இயலாவிட்டால் அதே நட்சத்திரத்தார் பலர் பகிர்ந்துகொள்வது. ஒருவருக்கு ஆண்டில் பதின்மூன்று முறை முறை வரும். ஆண்டுத் தொகையைத் தை மாதத்திலேயே செலுத்த இயன்றவர்கள் செலுத்திவிட்டால், மலிவான காலத்தில் வைக்கோல் வாங்கி அடுக்கிவிடலாம்.

பெயர்ப் பட்டியல் எழுத உட்கார்ந்தபோது ஒரு வேடிக்கை. ரோகிணிக்கும் திருவாதிரைக்கும் பதினைந்து பதினாறு பேர் முன்வந்தனர். பூராடத்துக்கு ஒருவரும் இல்லை. பூராடம் என் தாயாரின் நட்சத்திரம். அந்தக் கட்டத்தில் அன்னையின் பெயரை நானே எழுதினேன்.

புதிய ஒழுங்கு எளிதில் நிலைபெறவில்லை. அடுத்த அமாவாசையன்று ஒரு மூதாட்டி தூக்குவாளியில் பொங்கலுடன் வந்தார். பலகையைக் காட்டியதும் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நாப்பது வருஷமா குடுக்கிறேனே தம்பி" என்றார். அவரை அமரவைத்துக் காமாட்சியின் கதையைச் சொன்னேன். பொங்கலை மண்டபத்தில் இருந்த குழந்தைகளுக்கு அவர் கையாலேயே வழங்கச் செய்தோம். பசுவுக்கு ஒரு பிடி புல்லைக் கொடுத்து ஊட்டச் சொன்னோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கீரையையும் புல்லையும் நறுக்கித் தருபவர்களில் அவர்தாம் மூத்தவர். கோபித்துக்கொண்டு வராமல் போனவர்களும் உண்டு. அவர்களும் என்றேனும் வருவார்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிறு காலைகளில் இப்போது கோசாலை கலகலப்பாக இருக்கிறது. இளைஞர்கள் சாணம் அள்ளித் தொட்டி கழுவுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கோயிலைச் சுற்றிக் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்குகிறார்கள். பழத்தைப் பையோடு எறிந்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. பையையும் சேர்த்து விழுங்கும் மாட்டின் வயிற்றில் அது செரியாமல் தங்கிவிடுகிறது. பெண்கள் சாணத்தை உருண்டை பிடித்து உலர்த்துகிறார்கள். அவ்வுருண்டைகளைச் சிவராத்திரியன்று நெற்பதர் மூடிச் சுட்டு, சலித்து, விபூதியாக்கிச் சுவாமிக்குச் சமர்ப்பிக்கிறோம். பால் தராத பசு பயனற்றது என்று சொன்னவர்களின் நெற்றியிலும் அந்த விபூதிதான் துலங்குகிறது.

சிவாலயங்களில் வலம் வரும்போது சண்டிகேசுவரர் சந்நிதியில் நின்று கைகளைத் துடைத்துக் காட்டி வணங்குகிறோம். அவர் யார் என்பதைப் பெரியபுராணம் சொல்கிறது. சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமர் என்னும் சிறுவர், ஆயன் ஒருவன் பசுவை அடிப்பதைக் கண்டு பொறாமல், அந்த ஆநிரையை மேய்க்கும் பணியைத் தாமே ஏற்றார். மண்ணியாற்றங்கரையில் நல்ல புல்லும் நீரும் உள்ள இடமாகத் தேடி அழைத்துச் சென்றார். ஒரு நாள் விருந்து படைத்துவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. நாள்தோறும் உடன் நடந்தார். திருமூலரும் எல்லோருக்கும் இயன்ற அறங்களைத் திருமந்திரத்தில் எண்ணும்போது, பசுவுக்கு ஒரு வாய் அளிப்பதையே சொல்கிறார். ஒரு வாய் என்ற அந்த அளவை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். பொருள் விளங்கியது காமாட்சி போன பிறகுதான்.

இதை வாசிக்கும் அன்பர்களுக்கு அடியேனின் விண்ணப்பம் சில. கோசாலைக்குச் செல்லும்போது மீந்த சோறு, பொங்கல், இனிப்பு ஆகியவற்றைக் கொண்டுசெல்ல வேண்டாம். கையால் ஊட்டியே தீரவேண்டும் என்று மனம் விரும்பினால், ஒரு பிடி பசும்புல்லோ ஒரு வாழைப்பழமோ போதும். அதையும் பராமரிப்பவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அகத்திக்கீரையும் அளவோடு இருக்கட்டும். பிளாஸ்டிக் பையைத் தவிர்த்துத் துணிப்பையில் கொண்டுசெல்லுங்கள். மாடு அசைபோடாமல் சோர்ந்து நின்றால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் உடனே மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். எல்லாவற்றிலும் முதன்மையாக, "என்ன வேண்டும்?" என்று அங்கே இருப்பவரைக் கேளுங்கள்.

இறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பசு இருந்தது. ஒருநாள் பழைய சோற்றைப் பானையோடு தூக்கிச் சென்று அதன் முன் வைத்தேன். அம்மா ஓடிவந்து பானையைப் பிடுங்கினார். "வாயில்லா ஜீவன்டா, அதுக்கு வயிறு நோகும்" என்று சொல்லி, ஒரு பிடியை மட்டும் கழுநீரில் கரைத்து ஊற்றினார். எந்தத் தாயாரின் பெயரால் நான் அன்று அண்டாவைக் கவிழ்த்தேனோ, அந்தத் தாயார் கற்றுத்தந்த பாடம்தான் இது. படித்த படிப்பிலும் பார்த்த உத்தியோகத்திலும் அது எப்படியோ மறந்து போயிற்று.

இவ்வாண்டு தை அமாவாசையன்று அன்னையின் பெயரால் நான் அன்னதானம் செய்யவில்லை. விடியற்காலையில் கோசாலைக்குச் சென்று, பன்னிரண்டு கட்டு வைக்கோலைப் பெரியவருடன் சேர்ந்து பிரித்துப் போட்டேன். பிறகு காமாட்சி கட்டப்பட்டிருந்த முளைக்கு அருகே இப்போது நிற்கும் கிழப்பசுவுக்கு ஒரு பிடி புல்லை நீட்டினேன். அது தின்று முடித்து இன்னும் வேண்டும் என்பதுபோல் என் கையை நக்கியது. தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.