கஞ்சி மட்டும் இறங்கிய நாட்கள்

எக்ஸ்ரே அறையில் 28 வருடம் வேலை செய்தவன் நான். படம் எடுப்பது என் பொறுப்பு. அதைப் படித்து முடிவு எழுதுவது ரெடியோலஜிஸ்டின் பொறுப்பு. என்றாலும் பார்த்துப் பார்த்துச் சில நிழல்கள் எனக்கும் அறிமுகமாகிவிட்டன. பேரியம் கரைசலைக் குடித்தவரின் உணவுக்குழாய் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை கீழே வந்து கிளிமூக்குப் போல வழுவழுப்பாக ஒடுங்கினால், பெரும்பாலும் அங்குள்ள தசை தளர மறுக்கிறது என்பார்கள். ஓரம் அரிபட்டு, கோணலாகி, எலிவால் போல நீண்டால் புற்றைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். பெருங்குடலைச் சுற்றி வளர்ந்த கட்டியோ இரு பக்கமும் கடித்துத் தின்ற அப்பிள் போல இருக்கும்.

புற்று குடலை அடைத்துவிட்டால், நிற்கவைத்து எடுத்த படத்தில் காற்றும் நீரும் நமது தேயிலை மலைப் படிகள் மாதிரி அடுக்கடுக்காய் நிற்கும். குடல் ஓட்டையானால் வெளியேறிய காற்று மேலே ஏறி, பிரிமென்றகட்டின் கீழே மெல்லிய கறுப்புப் பிறையாகத் தெரியும். எத்தனையோ பிறை பார்த்தவர்கள் நாம். இந்தப் பிறையைக் கண்டால் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத்தான் ஓட வேண்டும்.

இந்த நிழல்கள் இவ்வளவு தெளிவாகும்போது நோய் வெகுதூரம் வந்திருக்கும். அதுதான் என்னை உறுத்துவது. உணவுக்குழாய் விரிந்து கொடுக்கக்கூடியது. பாதை நன்றாகக் குறுகும்வரை சோறு இறங்கிக்கொண்டேயிருக்கும்.

நான் பிறந்த வலப்பனையில், கடைத்தெருவிலும் சரி, சுற்றியுள்ள தோட்டத்து லயன்களிலும் சரி, வெற்றிலை இல்லாத மடி அபூர்வம். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அது பசியையும் குளிரையும் தள்ளிப்போடும் சாமான். எங்கள் வீடுகளில் வந்தவருக்கு முதலில் நீட்டுவது வெற்றிலைத் தட்டம். புகையிலை சேர்த்த வெற்றிலை வாயில் மட்டுமல்ல, உணவுக்குழாயிலும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் முடிவு செய்தது. வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்றது.

என் சாச்சி புகையிலை போட்டவர். ஒரு ரமழானில் லீவில் ஊர் போயிருந்தேன். நோன்பு திறக்கும்போது எல்லோர் கையிலும் கஞ்சிக் கோப்பை. யார் சோறு தின்கிறார், யார் தின்னவில்லை என்று பிரித்தறிய முடியாத மாதம் அது. பெருநாளன்று சஹனைச் சுற்றி உட்கார்ந்தபோது, சாச்சி மட்டும் பிளேன்டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சாச்சி, சாப்பிடல்லயா?"

"ரொட்டி, இறைச்சியெல்லாம் நெஞ்சுக்குள்ள நிக்குது மகன். கேஸ்ட்ரிக்தானே."

எத்தனை நாளாக என்று கேட்டேன். நோன்புக்கு முந்தியே ரொட்டி நின்றதாம். நோன்புக்குள் சோறும் நின்றதாம்.

அடுத்த கிழமை ஹங்குரன்கெத்த வழியாகக் கண்டிக்குக் கூட்டிவந்தேன். பேரியப் படத்தை நானே எடுத்தேன். திரையில் எலிவால். படம் சந்தேகத்தைத்தான் சொல்லும். நோய்க்குப் பெயர் வைப்பது கமரா விட்டு எடுக்கும் சதைத்துணுக்கு. அதுவும் புற்றென்றே சொன்னது. எவ்வளவு தூரம் பரவியது என்பதற்கு சீ.ரீ. ஸ்கேன் பதில் தந்தது: ஈரல் வரைக்கும். வெட்டி எடுக்க வழியில்லை. குறுகிய இடத்தில் கம்பிவலை ஸ்டென்ட் ஒன்றை வைத்துப் பாதையை விரித்தார்கள்.

தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தால் உடனே கொண்டுவரச் சொன்னார் டொக்டர். புற்று மூச்சுக்குழாய்க்குள் வழி திறந்துவிட்டதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அந்த இருமல் சாச்சிக்கு வரவில்லை. ஏழு மாதம் கஞ்சியும் தேத்தண்ணியும் தடையின்றி இறங்கின. அடுத்த ரமழானுக்கு முன் வபாத்தானார்.

வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர் ரொட்டியை விட்டுச் சோற்றுக்கும், சோற்றை விட்டுக் கஞ்சிக்கும் மாறினால், கேஸ்ட்ரிக் குளிசையோடு நாளைக் கடத்தாதீர்கள். கமரா பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். பெருநாள் கழிந்த முதற்கிழமை, யார் கோப்பையில் இன்னும் கஞ்சி இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.