மகளுக்குச் சொல்லித்தராத கை

செவ்வாய்க்கிழமை என்றால் திருநெல்வேலி மேலப்பாளையத்தில் மாட்டுச்சந்தை. லாரிகளும் ஆட்களும் மாடுகளுமாகச் சாலை திணறிக்கொண்டிருந்தது. சந்துக்குள் திரும்பியதும் அந்த இரைச்சல் அடங்கி, பீடி இலை நறுக்கும் கத்திரிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. வாசல்தோறும் பெண்கள், மடிதோறும் சொளகு.

நான் தேடிப்போனவர் நாற்பதைக் கடந்த தாய். "லாத்தா" என்று கூப்பிட்டதும் தலை நிமிர்ந்தது, விரல்கள் நிற்கவில்லை. "வா தங்கச்சி, உள்ள வந்து உக்காரு. பேசிக்கிட்டே சுத்துதேன். நாலு மணிக்குள்ள கடைக்குப் போவணும்."

ஒரே அறைதான் வீடு. மூலையில் அடுப்பு, கொடியில் துணி, சுவரோரம் ஈரச்சாக்கில் சுருட்டிய இலை. கணவர் கோயம்புத்தூரில் ஒரு மளிகைக்கடையில் வேலை பார்க்கிறார். மாதம் ஒருமுறை வருவார். வாடகையும் அரிசியும் அவர் அனுப்பும் பணத்தில் நடக்கின்றன. மற்றதெல்லாம் இந்தச் சொளகிலிருந்துதான் வரவேண்டும்.

இலை ஒடிசா, மத்தியப் பிரதேசக் காடுகளிலிருந்து வருகிறது. முந்தின இரவே அதை நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்தால்தான் காலையில் ஒடியாமல் வளையும். தகட்டை மேலே வைத்து அளவாக நறுக்கி, தடித்த நரம்பை நீக்கி, ஒரு சிட்டிகை புகையிலைத் தூளைப் பரப்பி, இரு கைகளின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றாக உருட்ட, ஒரு நுனி பருத்து மறுநுனி சிறுத்துப் பீடி உருவாகிறது. பருத்த வாயை நகத்தால் மடக்கி அடைத்து, சிறுத்த பக்கம் நூலைச் சுற்றி இழுத்தால் ஒன்று முடிந்தது. நான் இரண்டு முறை மூச்சு விடுவதற்குள் அவர் அடுத்ததை எடுத்திருந்தார். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஓராயிரம். சமையலும் தண்ணீர் பிடிப்பதும் போக, நாளொன்றுக்கு 800 தேறினால் அவருக்கு நல்ல நாள். ஆயிரத்துக்கான கூலியும் சொற்பம்தான். கடையில் கொடுக்கும் இலையில் ஓட்டையும் கிழிசலும் அதிகமிருந்தால், எண்ணிக்கையை நிறைக்கக் கைக்காசு போட்டு இலை வாங்க வேண்டும்.

இவ்வளவு நுட்பமான கைவேலையைப் பார்க்கும்போது வியப்புதான் முதலில் வருகிறது. அவருடைய இருமல் கேட்டபின் அந்த வியப்பை வெளியே சொல்ல மனம் வரவில்லை.

எட்டு வயதில் அவருடைய உம்மா சொல்லிக்கொடுத்த தொழில் இது. "பொண்ணு பாக்க வந்தவங்க ரெண்டே கேள்விதான் கேட்டாங்க. ஓதத் தெரியுமா? பீடி சுத்தத் தெரியுமா?" திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் வேகம் நெடுங்காலம் சீதனத்தோடு சேர்த்து எண்ணப்பட்டது.

பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு மட்டும் இதைச் சொல்லித்தரவில்லை. கத்திரியைத் தொடக்கூட விட்டதில்லை. அக்கம்பக்கத்தில் ஏச்சு உண்டு. இரண்டு கை கூடினால் இரண்டு காசு கூடுமே என்கிறார்கள். அது அவருக்கும் தெரியாததல்ல.

காசர்கோட்டில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு ஓராண்டு பீடி சுற்றிய சுரேந்திரன் பட்டேல், பின்னர் சட்டம் படித்து, 2023 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் மாவட்ட நீதிபதியாகப் பதவியேற்றார். அந்தச் செய்தியை மகள் கைப்பேசியில் காட்டியிருக்கிறாள். தாய்க்கு அதில் மகிழ்ச்சிதான், ஆனாலும் சொன்னார்: "அவரு ஆம்பளப்புள்ள, விட்டுட்டுப் போயிட்டாரு. இங்க ஒரு பொட்டப்புள்ளைக்குக் கை படிஞ்சிட்டா, வீடு அவள விடாது."

என்னை உலுக்கிய சொல் அதுதான். அறியாமையால் அல்ல, நன்றாக அறிந்தே சொல்லித்தர மறுக்கிறார்.

ஆனால் மகளின் படிப்புக்கு ஊன்றுகோலாக இருப்பதும் பீடியே. வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்று சொன்ன சட்டம் 1966-இல் வந்தது. முதலாளிகள் வழக்குப் போட்டும் 1974-இல் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. 1976-இல் பீடித் தொழிலாளர் நல நிதி உருவானது. தாயிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருப்பதால் மகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை ஆண்டுக்கு 3,000 ரூபாய் கிடைக்கிறது. பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் அது 25,000. அந்த நிதிக்காகப் பீடி மீது விதித்த தீர்வை, 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது நீக்கப்பட்டது. உதவி நிற்கவில்லை, ஆனால் அதற்கென்றே இருந்த ஊற்று அடைபட்டுவிட்டது. இப்படிப்பட்ட தாய்மார்களுக்குச் செய்த பெரிய அநியாயம் இது என்றே நினைக்கிறேன்.

மூன்றரை மணிக்குக் கட்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு கிளம்பினோம். கடையில் ஒருவர் எண்ணிப் பார்த்து, பாஸ் புத்தகத்தில் குறித்து, கட்டு இளகியதென்று இரண்டைத் தள்ளினார். லாத்தா வாய் திறக்கவில்லை. மறுநாளுக்கான இலையையும் தூளையும் பையில் வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஜெராக்ஸ் கடை. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அடையாள அட்டை நகல் வேண்டுமாம். இரண்டு எடுத்தார். தூள் பொட்டலம் இருந்த பையில் அவற்றை வைக்காமல், வீடு வரும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார்.