மழலை பேசும் கணினி

பொழுதுபோக்கு என்னவென்று கேட்டால் முத்திரை சேகரிப்பு, வீட்டுத்தோட்டம், வாசிப்பு என்று பதில் சொல்வது வழக்கம். “நான் ஒரு மொழி செய்கிறேன்” என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். நான் செய்தது மனிதர் பேசும் மொழியல்ல. கணினிக்குத் தமிழில் கட்டளை சொல்வதற்கான சின்னஞ்சிறு செய்நிரல் மொழி. பேச்சுப் பழகும் பிள்ளையைப் போல அதற்கும் இரண்டொரு சொற்களே தெரியும் என்பதால் ‘மழலை’ என்று பெயர் வைத்தேன்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் ஓய்வு கிடைக்கும் அல்லவா? அந்த நாட்களில், நானா பாவித்து ஓய்ந்த பழைய மடிக்கணினியில் பைதன் மொழியைப் பழகத் தொடங்கினேன். அதன் வரலாற்றை வாசித்தபோது ஒரு செய்தி என்னைப் பிடித்துக்கொண்டது. நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரொசம் என்பவர் 1989ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில், பொழுதுபோக்காகத்தான் பைதனை எழுத ஆரம்பித்தாராம். 1991இல் அதை வெளியிட்டார். இன்று நம் நாட்டில் உயர்தர மாணவர் படிக்கும் மொழி, ஒருவரின் விடுமுறைப் பொழுதில் பிறந்திருக்கிறது. எனக்கும் அப்போது விடுமுறைதான்.

‘மொத்தம் = விலை * 4’ என்று நாம் எழுதினால் நமக்கு விளங்குகிறது. கணினிக்கோ அது வெறும் எழுத்துகளின் வரிசை. அதை விளங்கவைக்க மூன்று படிகள் வேண்டும்.

முதற்படி, வரியைத் துண்டுகளாகப் பிரிப்பது. மேலே உள்ள வரியில் மொத்தம், =, விலை, *, 4 என ஐந்து துண்டுகள். இரண்டாம் படி, துண்டுகளுக்கிடையே உள்ள உறவைக் கண்டுபிடிப்பது. 2 + 3 * 4 என்பதை இடமிருந்து வலமாகச் செய்தால் 20 வரும். பெருக்கலை முதலில் செய்தால் 14 வரும். சரியான விடை 14 என்று நமக்குத் தெரியும். ஆனால் பெருக்கலுக்கே முதலிடம் என்ற விதியை யாராவது எழுதிவைத்தால்தான் அது கணினிக்குத் தெரியும். இதற்காக ஒரு மரம் வரைவார்கள். உச்சியில் கூட்டற்குறி. அதன் ஒரு கிளையில் 2, மறு கிளையில் பெருக்கற்குறி. பெருக்கற்குறியின் கீழே 3உம் 4உம். கீழிருந்து மேலே கணக்கிட்டு வந்தால் 14 கிடைக்கும். அப்படிக் கணக்கிட்டுச் செயலை முடிப்பதுதான் மூன்றாம் படி.

இந்த மூன்று படிகளையும் கொப்பியில் எழுதியபோது தமிழ்ப் பாடம் நினைவுக்கு வந்தது. தொல்காப்பியமும் எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரங்களைக் கொண்டது. அதன் பொருளதிகாரம் பேசுவது வாழ்வையும் செய்யுளையும்; என் மூன்றாம் படி பேசுவது வெறும் கூட்டல் கழித்தல். ஆனாலும் சிறியதிலிருந்து பெரியதற்குப் போகும் அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் உதவியது.

தமிழில் மொழி செய்யப் புறப்பட்டால் முதற்படியிலேயே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ‘கி’ நமக்கு ஓர் எழுத்து. கணினியின் ஒருங்குறியிலோ ‘க’ ஒரு குறியீடு, அதன் விசிறி இன்னொரு குறியீடு. பைதனிடம் ஒவ்வொரு குறியீடாகக் காட்டி “இது எழுத்தா?” என்று கேட்டால், ‘க’வுக்கு ஆம் என்கிறது, விசிறிக்கும் புள்ளிக்கும் இல்லை என்கிறது. அதன் பேச்சை அப்படியே கேட்டால் ‘கூலி’ என்ற பெயர் முதல் எழுத்திலேயே உடைந்துவிடும். ஆகவே உயிர்க்குறிகளும் புள்ளியும் பெயரின் பகுதியே என்று மழலைக்குத் தனியாக ஒரு விதி எழுதினேன்.

‘மொத்தம்’ என்ற சொல்லில் இன்னொரு நுட்பம் உண்டு. ‘மொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் வசதி பைதனிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் முதலில் அந்த வழியாக அனுப்பிய பிறகுதான் மழலை ஒழுங்காகப் பேசத் தொடங்கியது.

என் உம்மா வீட்டில் இருந்தபடி தைத்துக் கொடுப்பவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கைத்தொலைபேசியில் ஏதாவது ஓர் அறிவித்தல் வந்தாலும் “எனக்கு இங்கிலீஸ் வராது மகள், நீங்க பாருங்க” என்று என்னிடம் நீட்டிவிடுவார். மழலை ஓடத் தொடங்கிய அன்று, அவருடைய தையல் கணக்கைத்தான் அதில் எழுதிக் காட்டினேன்.

கூலி = 1500
எண்ணிக்கை = 3
மொத்தம் = கூலி * எண்ணிக்கை
மொத்தம் காட்டு

உம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நான்கு வரிகளையும் சத்தமாக வாசித்தார். திரையில் 4500 வந்தது. “இதுக்குத் தமிழ் வெளங்குதா?” என்று கேட்டார். பிறகு சற்று யோசித்துவிட்டு, “மூணு ஹபாயா ஒண்டாக் கொண்டுவந்தா நான் முந்நூறு ரூபா கொறைப்பேன். அது எங்க மகள் இதுல?” என்றார்.

நான் அசந்துபோனேன். அதுவரை மழலைக்கு நிபந்தனை என்ற ஒன்றே கிடையாது. செய்நிரலாக்கம் என்ற சொல்லையே கேட்டிராத ஒருவர், என் மொழிக்கு அடுத்து என்ன வேண்டும் என்பதை நான்கு வரிகளை வாசித்துவிட்டுச் சொல்லிவிட்டார். அதைச் செய்து முடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

எண்ணிக்கை > 2 என்றால் மொத்தம் = மொத்தம் - 300

இந்த வரியைக் காட்டும் கட்டளைக்கு முன்னால் சேர்த்தவுடன் விடை 4200 ஆயிற்று. இதில் ‘என்றால்’ நிபந்தனைக்குப் பின்னால் வருவதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தை ஒட்டிய மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னால் நிற்கும். நாம் பேசும்போது அப்படிச் சொல்வதில்லை. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ்ச் செய்நிரல் மொழியிலும் ‘ஆனால்’ என்ற சொல் நிபந்தனைக்குப் பின்னால்தான் வருகிறது. இதனால் மழலைக்குக் கொஞ்சம் பொறுமை தேவைப்படுகிறது. ‘எண்ணிக்கை > 2’ வரை வாசித்தாலும் அடுத்து ‘என்றால்’ வருமா, ‘காட்டு’ வருமா என்று காத்திருந்தே முடிவெடுக்க வேண்டும். வினைச்சொல் வரும்வரை காத்திருந்து பழகிய நமக்கு இது புதிதல்ல.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் தங்கச்சிக்குக் கணினியில் பிடிக்காதது, ஆங்கிலத்தில் சிவப்பாக வரும் பிழைச் செய்திகள். கண்டவுடன் மூடிவிட்டு எழுந்துவிடுவாள். அவளுக்காக மழலையின் பிழைச் செய்திகளை இப்படி எழுதினேன்: “3ஆம் வரியில் ‘விலை’ என்று ஒரு பெயர் இருக்கிறது. அதன் பெறுமதியை நீங்கள் இன்னும் சொல்லவில்லை.” இப்போது அவள் எழுந்து போவதில்லை. இரண்டாம் வரிக்குப் போய் விலையை எழுதுகிறாள்.

“இதால என்ன பிரயோசனம்?” என்று வாப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். மழலையால் படம் வரைய முடியாது. இணையத்தோடு பேச முடியாது. பைதனின் முதுகில் ஏறிப் பயணம் செய்வதால் பைதனைவிட மெதுவாகவே ஓடும். தொழிலுக்குப் போகிறவர் பைதனையோ ஜாவாவையோதான் படிக்க வேண்டும். ஆங்கிலத்தையும் விட்டுவிட முடியாது. ஆனால் இப்போது அந்த மொழிகளில் ஒரு விதியைக் காணும்போது, அது ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்குகிறது. யாரோ ஒருவர் யோசித்து வைத்த விதி அது. அவரும் என்னைப் போல ஒரு மேசையில் இருந்துதான் யோசித்திருப்பார். இதை வாப்பாவிடம் சொன்னேன். “படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமச் செய்ங்க” என்றார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

மழலை இன்று சுமார் நானூறு வரிகள் கொண்டது. தோழியரே, நீங்களும் தொடங்க விரும்பினால் நானூறு வரிகளை நினைத்து மலைக்க வேண்டாம். ‘2 + 3’ என்ற ஒரு வரியை வாசித்து 5 என்று சொல்லும் மொழியை முதலில் செய்யுங்கள். பிறகு அதை வீட்டிலுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். “அது எங்க மகள் இதுல?” என்று அவர் எதைக் கேட்கிறாரோ, அதுதான் நீங்கள் அடுத்துச் செய்ய வேண்டிய வேலை. என் உம்மா இப்போது, யார் முற்பணம் தந்தார்கள், யார் தரவில்லை என்று பட்டியல் கேட்கிறார். மழலைக்கு இன்னும் பட்டியல் தெரியாது. அடுத்த விடுமுறைக்கு வேலை தயார்.