ஒரு மாத நோட்டீஸ்

ஜனவரி 2, வெள்ளி
கலசப்பாக்கத்தில் ஓர் உரக்கடை. பல வருடமாகக் கணக்கு பார்க்கும் பெண், ராஜினாமாக் கடிதத்தை முதலாளியிடம் நீட்டுகிறார். செய்யாறு சிப்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது.

“ஏம்மா, பொங்கல் கழிச்சுச் சொல்லக் கூடாதா?”

“அப்புறம் புது ஆளைப் பழக்க நாள் போதாதுங்க ஐயா.”

கடைசி நாள், ஜனவரி 31.

ஜனவரி 5, திங்கள்
நியமனக் கடிதமே தராத கடையில் நோட்டீஸ் எதற்கு என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் (1947) 41ஆம் பிரிவில் ஒரு மாத நோட்டீஸ் உண்டு. ஆனால் அது ஆறு மாதம் வேலை பார்த்தவரை நீக்கும் முதலாளிக்கானது. அரசு ஊழியர் விருப்ப ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பே எழுதித் தர வேண்டும். ஐடி கம்பெனிகள் 90 நாள்கூடக் கேட்கின்றன. இந்தக் கடையில் வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம்.

ஜனவரி 9, வெள்ளி
யூரியா மூட்டை 45 கிலோ. மானிய விலைக்கு விவசாயி விரல்ரேகை வைத்தால்தான் மெஷினில் பில் விழும். மெஷின் காட்டும் இருப்பும் குடோன் மூட்டையும் ஒத்துப்போகாவிட்டால், வேளாண் துறை ஆய்வில் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி. அந்தப் பெண் தன் இடத்துக்கு வந்த புதுப் பையனை வைத்துக்கொண்டு அடுக்கடுக்காக எண்ணியதும், இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஜனவரி 20, செவ்வாய்
ஜிஎஸ்டி 3பி தாக்கலுக்குக் கடைசி நாள். ஓடிபி இதுவரை அந்தப் பெண்ணின் செல்போனுக்குத்தான் வந்தது. இன்று முதலாளி எண்ணுக்கு மாற்றியாயிற்று. மாற்றாமல் போயிருந்தால் மாதாமாதம் அவரைத் தேட வேண்டியிருக்கும்.

கடன் நோட்டுதான் பெரிய வேலை. அதில் பெயரும் தொகையும் மட்டுமே. நெல் அறுத்ததும் கொடுப்பவர் யார், கரும்புப் பணம் வந்தால்தான் கொடுப்பவர் யார், யார் வீட்டுக்கு போன் போடக் கூடாது என்பதெல்லாம் அவர் மனக்கணக்கு. பையன் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறான்.

ஜனவரி 27, செவ்வாய்
முதலாளி அனுபவச் சான்று எழுதித் தருகிறார். பழைய முதலாளியின் கடிதத்துக்கு எடை உண்டு. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த கணிதமேதை ராமானுஜன், 1913 மே மாதம் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகைக்குப் போனார். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அத்தோடு விடவில்லை. அவரைக் கேம்பிரிட்ஜ் அனுப்பப் பணம் ஒதுக்கச் சொல்லி 1914 பிப்ரவரியில் ஆளுநர் அலுவலகத்துக்கு எழுதினார்.

ஜனவரி 31, சனி
கடையில் வேலையாட்கள் நாலே பேர். பணிக்கொடை விதி பத்துப் பேராவது உள்ள இடத்துக்குத்தான். சம்பளப் பாக்கிக்கு அந்த வரம்பில்லை: 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். முதலாளி சாயங்காலமே எண்ணிக் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 4, புதன்
பையனிடமிருந்து போன்.

“அக்கா, நோட்டுல மேட்டு வீட்டுக்காரர்னு ரெண்டு பேர் இருக்காங்களே?”

“டிவிஎஸ்ல வர்றவருக்குத்தான் பாக்கி. இன்னொருத்தர் கட்டிட்டார், பேரை அடிச்சிடு.”