கொல்லையும் சந்தையும்

கோலசிலாங்கூர் புக்கிட் மலாவாத்தியின் மேல் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கடல். மறு பக்கம் ஆறும் செம்பனையும். பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்கள். கிழக்கே போனால் பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியும் நம்மவர் வாயில் பழைய பெயர்தான்.

இந்தப் பக்கத்துத் தோட்டங்களில், லயத்துக்குப் பின்னால் கொல்லை இல்லாத வீட்டைக் காண்பது ஒரு காலத்தில் அரிது. முருங்கை, கறிவேப்பிலை, வெண்டை, கத்தரி, பந்தலில் புடலை. அது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த நிலமன்று. குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 2,700 சதுர அடி நிலம் ஒதுக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பால்வெட்டு விடியலில் தொடங்கிப் பிற்பகலில் முடிந்ததால் கொல்லையில் இறங்க நேரமும் இருந்தது.

ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காதபோது உயிரைப் பிடித்து வைத்தது மரவள்ளி. 1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டருகே பயிரிடுமாறு நாட்டையே கேட்டுக்கொண்டார். நம் பாட்டிமார்களுக்கு அது புதுப்பாடமா என்ன?

இன்று பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டன. பின்புறம் சிமெண்டுத் தரை. கறிவேப்பிலைக்கும் கீரைக்கும்கூடப் பாசார் மாலாமில் காசு எண்ண வேண்டியிருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் நாமே பயிரிட முடியுமா? முடியாது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் கப்பலில் வருபவை. முட்டைக்கோசுக்குக் கேமரன் மலைக் குளிர் வேண்டும். அவற்றை வாங்கத்தான் வேண்டும். உள்ளூர்க் காய்கறிக்காரரும் பிழைக்க வேண்டுமல்லவா? ஆனால் அன்றாடம் கொஞ்சமாகத் தேவைப்படுவதையும், பறித்தவுடன் வாடுவதையும் வீட்டிலேயே வளர்ப்பது இலாபம். கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும்; வெண்டை ஏறத்தாழ ஐம்பது நாளில் காய்க்கும். நிலமில்லாதவர்களுக்கு ஒரு பழைய வாளி போதும். அடியில் துளையிட்டால் நீர் தேங்காது. கரி மண் நிறைந்த இடமென்றால் புளிப்பு அதிகம். சிறிது சுண்ணாம்பு கலக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை: களைக்கொல்லி வந்த டின்னை எத்தனை முறை கழுவினாலும் அதில் செடி வைக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். பாராகுவாட் 2020 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய டின்கள் இன்னும் எந்த மூலையில் கிடக்கின்றனவோ!

லயத்து வீடு நம் சொத்தாக இருந்ததில்லை. வேலை முடிந்தால் வீட்டோடு மரத்தையும் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஆனால் முருங்கைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு போத்தை வெட்டி எடுத்து வந்து ஊன்றினால், போன இடத்திலும் துளிர்க்கும். இன்னும் தோட்டத்தில் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.