சிங்க வாசலில் நீட்டிய கரம்



2018-ஆம் ஆண்டு எங்கள் மும்பை சபையின் விசுவாசிகள் 26 பேருடன் பரிசுத்த தேசத்திற்குச் சென்றுவரக் கர்த்தர் கிருபை செய்தார். வருஷக்கணக்காய்ச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வந்தவர்களே எங்களில் அநேகர்.

ஒரு காலைவேளையில் ஒலிவ மலையிலிருந்து இறங்கி, சிங்க வாசல் வழியாக எருசலேமின் பழைய நகரத்திற்குள் பிரவேசித்தோம். இதை ஸ்தேவான் வாசல் என்றும் அழைப்பர். அதன் நிழலில் வயது முதிர்ந்த ஒரு தாயார் கரத்தை நீட்டியபடி அமர்ந்திருந்தார். "ஒருவருக்குக் கொடுத்தால் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள்" என்று வழிகாட்டி முன்னமே எச்சரித்திருந்தார். என் பையிலோ 100 டாலர் நோட்டுகளே இருந்தன. சில்லறை இல்லை என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பியவாறு கடந்து சென்றேன். எனக்குப் பின்னே வந்த 26 பேரும் அவ்வாறே கடந்து வந்தனர். மேய்ப்பன் திருப்பிய திசைக்கே மந்தையும் திரும்பியது.

வாசலுக்குச் சற்று உள்ளே, 12-ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போராளிகள் கட்டிய பரிசுத்த அன்னாள் ஆலயம் இருக்கிறது. மெல்லப் பாடினாலும் சத்தம் மேலெழும்பி நெடுநேரம் நிற்கும். அங்கே கண்ணீரோடு கர்த்தரைத் துதித்தோம். அதே வளாகத்தில் பெதஸ்தா குளத்தின் இடிபாடுகள் உள்ளன. இரு குளங்கள், அவற்றைச் சுற்றி நான்கு மண்டபங்கள், நடுவே பிரிக்கும் மதிலின்மேல் ஐந்தாவது மண்டபம் என்று யோவான் கூறும் ஐந்து மண்டபங்களை ஆராய்ச்சியாளர் விளக்குகின்றனர்.

நான் யோவான் 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து பிரசங்கிக்கத் தொடங்கினேன். 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவன், தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஒருவருமில்லை என்று சொன்ன இடத்திற்கு வந்தபோது, வீட்டுவேலை செய்து பிழைக்கும் சகோதரி ஒருவர் தாழ்ந்த குரலில், "பாஸ்டர், வாசல்ல உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கும் யாரும் இல்லையோ?" என்றார். அதற்குமேல் என்னால் பிரசங்கிக்க இயலவில்லை.

அலங்கார வாசலில் சப்பாணியைக் கண்ட பேதுருவிடமும் வெள்ளியும் பொன்னும் இல்லை. ஆயினும் அவன் முகத்தைத் திருப்பவில்லை. அந்த மனிதனை உற்றுப்பார்த்தான். என்னிடம் பணம் இருந்தது. அந்தப் பார்வை இல்லை. யூதர்கள் தர்மத்தைச் 'செதாக்கா' என்கின்றனர். நீதி என்னும் சொல்லின் வேரிலிருந்தே அது பிறந்தது. வேதாகமக் கல்லூரியில் கற்ற இந்தப் பாடத்தை வாசலில் மறந்துபோனேன்.

பணத்தை மாற்றி, 10 ஷெக்கல் நாணயத்துடன் திரும்பி ஓடினேன். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 190 ரூபாய். அந்தத் தாயார் அங்கே இல்லை. அந்த நாணயம் இன்றும் என் மேசைமேல் இருந்து என்னைக் கடிந்துகொள்கிறது.

வெளிதேசம் செல்லும் சகோதர சகோதரிகளே, முதல் நாளிலேயே சில்லறை மாற்றி, கொடுப்பதற்கென்று ஒரு பங்கைத் தனியே வையுங்கள். சிறுபிள்ளைகளைப் பிச்சைக்கு அனுப்பிப் பணம் பறிப்போர் உண்டு. ஆகவே பிள்ளைகளுக்குப் பணத்தைவிட ஆகாரம் கொடுப்பது நலம். அங்குள்ள சபையின் ஏழைகள் நிதிக்கும் காணிக்கை கொடுக்கலாம். ஏழையின் முகத்தைப் புகைப்படம் எடுக்காதிருங்கள். கொடுக்க இயலாதபோதும் முகத்தைப் பார்த்து வணங்கிச் செல்லுங்கள்.

நாமும் ஒருநாள் தகரப்பெட்டியோடு தாதர் ஸ்டேஷனில் இறங்கி, பாஷை தெரியாமல் நின்றவர்கள் அல்லவா? யாரோ ஒருவர் நம்மைத் திரும்பிப் பார்த்ததினால் அல்லவோ பிழைத்தோம்! அந்நியராயிருந்ததை மறவாமல் அந்நியரைச் சிநேகிக்கும்படி உபாகமம் 10:19 கட்டளையிடுகிறது. நம் தெருமுனையிலும் சிக்னலிலும் நீட்டப்படும் கரங்களுக்கு முன்பாக நம் முகம் திரும்பாதிருக்கக் கர்த்தர் தாமே கிருபை செய்வாராக. ஆமென்.