கதவோரம் நிக்கற ஆளு

நமக்குப் பொழப்பு பொட்டி தட்டறது. மூணாவது மாடி பால்கனியிலருந்து எட்டிப் பாத்தாலே எனக்குக் கால் கூசும் :-) ஆனா கொஞ்ச நாளா தூக்கம் வராம நான் படிச்சிட்டிருக்கறது அமெரிக்க ராணுவத்தோட ஃப்ரீஃபால் ஜம்ப்மாஸ்டர்கள் பத்தி. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

சாதாரண பாராசூட் வீரருக்கு, விமானத்துல மாட்டின பட்டையே குதிச்சதும் பாராசூட்டை இழுத்து விரிச்சிடும். இவங்க வேற ரகம். பல ஆயிரம் அடி சும்மா விழுந்துட்டு, அப்புறம் தாங்களே இழுத்து விரிக்கணும். அரிசோனாவுல யூமாங்கற இடத்துல இதுக்குன்னே பள்ளி இருக்கு. ஜம்ப்மாஸ்டருக்குத் தனிப் படிப்பு.

முதல் வேலை சோதனை. ஒவ்வொருத்தரையும் தலையிலருந்து கால் வரை, முன்பக்கம் பின்பக்கம், எப்பவும் ஒரே வரிசையில, கண்ணால பாத்து கையால தொட்டு. எவ்வளவு அனுபவசாலியா இருந்தாலும் "நானே பாத்துக்கிட்டேன்"னு சொல்லித் தப்பிக்க முடியாது. அப்புறம் கணக்கு. இறங்கற இடத்துலருந்து பின்னோக்கிப் போகணும்: விரிஞ்ச பிறகு காத்து எவ்வளவு தள்ளும், விழறப்போ எவ்வளவு, விமானத்தோட வேகம் எவ்வளவு முன்னால வீசும்னு.

என்னை உலுக்கினது ஆக்சிஜன் விஷயம்தான். 18,000 அடிக்கு மேலன்னா, முன்னாடியே அரை மணி நேரமாவது சுத்த ஆக்சிஜன் சுவாசிச்சு ரத்தத்துல இருக்கற நைட்ரஜனைக் குறைக்கணும். இல்லன்னா சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ள குமிழி வரலாம். நடுவுல மாஸ்க்கைக் கழட்டிட்டா மறுபடி முதல்லருந்து.

ஆக்சிஜன் குறைஞ்சா மூச்சு முட்டும்னு நினைச்சிருந்தேன். இல்லியாம். பல பேருக்கு ஜாலியா இருக்குமாம், தான் தெளிவா இருக்கறதாவே தோணுமாம். அதனால ஜம்ப்மாஸ்டர் ஆளைக் கேட்டு நம்பறதில்ல. உதடு, நகம் நீலமாகுதா, கை சைகைக்குப் பதில் தாமதமாகுதான்னு பாத்துக்கிட்டே இருப்பார். கடைசியில அவங்களோடவே அவரும் குதிப்பார்.

இப்ப என் கதை. தொடர்ந்து மூணாவது ராத்திரி ரிலீஸ், மணி ரெண்டு. புதுசா சேந்த தம்பி எழுதின கோட் என்கிட்ட சரிபாக்க வந்துச்சு. திறந்தேன். படிச்சேனான்னு ஞாபகமில்ல. "பாத்தாச்சு, ஓகே"ன்னு டிக் போட்டேன். சத்தியமா சொல்றேன், அப்போ தெம்பாத்தான் இருந்தேன். காலையில பாத்தா கொஞ்சம் பேருக்குக் கணக்குல ரெண்டு தடவை பணம் கழிஞ்சிருக்கு. மீட்டிங்ல தம்பி பேரைத்தான் சொன்னாங்க. சரிபாத்தது யாருன்னு யாரும் கேக்கல. நானும் வாயைத் திறக்கல.

அவன் இப்ப வேற டீம். கேண்டீன்ல பாத்தா இன்னமும் "என்னண்ணே, சாப்டீங்களா?"ங்கறான். நேத்து சொல்லிடணும்னே ரெண்டு டீ வாங்கிக்கிட்டு அவன்கிட்ட போனேன். கிரிக்கெட் பேசிட்டுத் திரும்பிட்டேன்.